‘விடாம சாப்பிடுறேன் சார்’

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் நான் நெடுநாள் பொய் சொல்லி வந்தேன். ரத்தப் புற்றுநோய்க்காகத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியவள் நான். “மாத்திரை விடாம சாப்பிடுறீங்களாம்மா?” என்று அவர் கேட்கும்போதெல்லாம், “விடாம சாப்பிடுறேன் சார்” என்பேன். உண்மையில் விட்டுவிட்டுத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் பாதி மாத்திரை, சில நாள் அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியே வயதானவள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து, “நோட்டை வீட்டுல வச்சுட்டேன் டீச்சர்” என்று சொல்லும் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து என்னை நம்பினார்.

மாத்திரையை விட்டது ஒரு தப்பு. அது யாருக்கும் நேரக்கூடியதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு. ஏனென்றால் அவர் எனக்காக எடுத்த அடுத்தடுத்த முடிவுகள் எல்லாமே நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி எடுத்தவை.

எனக்கு வந்தது நாட்பட்ட மைலாய்டு வகை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் சி.எம்.எல். என்றுதான் சொல்வார்கள். களைப்பாக இருந்ததை வயசு என்று நினைத்தேன். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது, மண்ணீரல் வீங்கியிருந்தது. 11,000க்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் 1,00,000ஐத் தாண்டியிருந்தன. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஏதோ ஓர் அணுவில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வரும் நோய் இது என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமை 1960இல் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதனால் அதற்கு அந்த ஊரின் பெயர். அது துண்டுகள் இடம் மாறியதால் வந்தது என்று 1973இல் காட்டியவர் ஜேனட் ரௌலி என்ற அம்மையார். இடம் மாறிய துண்டுகள் ஒட்டும் இடத்தில் இயல்பாக இருக்காத ஒரு மரபணு உண்டாகிறது. அதிலிருந்து வரும் புரதம், ரத்த அணுக்களைப் பெருகச் சொல்லி ஓயாமல் முடுக்கிக்கொண்டே இருக்கிறது.

“இது பிறந்த பிறகு உடம்புல வந்த மாற்றம்மா. அப்பா அம்மாகிட்ட இருந்து வந்ததும் கிடையாது, உங்க பொண்ணுக்குப் போகப்போறதும் கிடையாது” என்று அவர் முதல் நாளே சொன்னார். காதில் விழுந்தது. அதை நான் மனதில் வாங்கிக்கொண்டிருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது.

கொடுத்த மருந்து இமாட்டினிப், 400 மில்லிகிராம், தினம் ஒன்று. முடுக்கிவிடும் அந்தப் புரதத்திலேயே போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்தும் மருந்து. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு மே மாதம் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும்தான் முக்கிய வழிகள். மாத்திரையை முதன்முதலில் பெரிய அளவில் சோதித்த ஆய்வில் அதை எடுத்துக்கொண்டவர்களைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாவது வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 83 பேர். டாக்டர் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில்தான்.

முதல் வருடம் நான் ஒழுங்காக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிசிஆர் என்று ரத்தம் எடுப்பார்கள். அந்த ஒட்டு மரபணு ரத்தத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்லும் சோதனை. மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1க்குள் வர வேண்டும் என்பது கணக்கு. நான் ஒவ்வொரு படியையும் அந்தந்தக் காலத்துக்குள் இறங்கினேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, “டீச்சர் பாஸாயிட்டீங்க” என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரிடம் போகலாம் போலிருந்தது. பிறகு அந்த வார்த்தையை இழக்கப் பயந்துதான் பொய் சொன்னேன்.

மாத்திரை எளிதானது என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே நீர் கோத்து இமை தடித்திருக்கும். ஸ்டாஃப் ரூமில், “ராத்திரி அழுதீங்களா டீச்சர்?” என்று கேட்பார்கள். நடு ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் எழுந்து கட்டைவிரலைப் பிடித்து நிமிர்த்திவிடுவார். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வாயில் தண்ணீர் ஊறிக் குமட்டும். இன்னொன்றும் நடந்தது. என் நிறம் மாறியது. நான் நல்ல கறுப்பு. இந்த மருந்து தோலின் நிறமியைத் தடுத்து வெளுக்க வைக்கும் என்பதும், நம் போன்ற நிறத்தவர்களிடம் அது பளிச்சென்று தெரியும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கல்யாண வீடுகளில் என் கையைப் பிடித்து, “என்னடி இவ்வளவு செவந்துட்ட? என்ன பூசுற, எங்களுக்கும் சொல்லேன்” என்று சொந்தக்காரப் பெண்கள் கேட்டார்கள். ஆயுள் முழுக்கக் கறுப்பி என்று சொன்னவர்கள் அவர்கள். புற்றுநோய் மருந்தின் பக்கவிளைவை அவர்கள் அழகு என்று பாராட்ட, நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் அது என் முகமாகவே இல்லை. அன்று மாத்திரையைத் தொடப் பிடிக்கவில்லை. தொடவில்லை.

முதலில் விட்டது அன்றைக்குத்தான். மறுநாள் எதுவும் ஆகவில்லை. கால் இழுக்கவில்லை, குமட்டவில்லை. ஒரு நாள் விட்டால் உடம்புக்கு நிம்மதியாக இருக்கிறது என்று என் உடம்பே எனக்குச் சொன்னது. இந்த நோயில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மாத்திரையைச் சாப்பிட்டால் தொந்தரவு தெரியும். விட்டால் ஒன்றுமே தெரியாது. அந்த மரபணு மறுபடி தலைதூக்குவது வலியாகவோ காய்ச்சலாகவோ வராது. பிசிஆர் காகிதத்தில்தான் வரும்.

அந்தச் சமயத்தில் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். ‘பிளட் கேன்சர் குடும்பம்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஜாதகமே திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். நோய் விஷயம் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்தெடுத்து, பழைய கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈரமும் சூடும் படாமல் அட்டையோடு வைக்க வேண்டிய மருந்து. பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கின்றன. எனக்கு மயக்கம் வந்து யாராவது தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், நான் என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று அவர்களுக்குச் சொல்ல அந்த டப்பாவில் ஒன்றுமே இருந்திருக்காது. விருந்துக்கு வந்த என் அண்ணி ஒரு நாள் அதைத் திறந்து, “கால்சியம்தானே, எனக்கும் ரெண்டு கொடு” என்று கேட்டாள். கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன். அப்போதும் புத்தி வரவில்லை.

இது வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டிய மாத்திரை. அப்படி எடுத்தால்தான் வயிற்றைப் புண்ணாக்காது. நானோ வரன் அமைய வேண்டுமென்று வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் விரதம் பிடித்தேன். சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. சம்பந்தம் பேச வெளியூர் போனால் டப்பாவை எடுத்துப்போக மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆய்வு இருக்கும் நாளில் குமட்டல் வரக்கூடாதென்று மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். 400ஐ 200 ஆக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? உடைத்த தூளைச் சமையல் மேடையிலேயே தட்டிவிட்டேன். கருவுறும் வயதிலுள்ள பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக்கூடாது, ஏனென்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊறு செய்யும் மருந்து அது. என் மகள் அதே மேடையில்தான் காய் நறுக்கினாள்.

ரத்தம் கொடுக்கும் வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுவேன். விட்டதைச் சரிக்கட்ட ஒரே நாளில் இரண்டு போட்டதும் உண்டு. ஒரு வாரத்துச் சாமர்த்தியம் பிசிஆரிடம் பலிக்காது என்று தெரியாமல் செய்தேன். இரட்டை மாத்திரை உடம்புக்குக் கெடுதல் என்று மட்டும் தெரிந்தே செய்தேன்.

மிஞ்சிய மாத்திரைகள் சேர்ந்தன. எனக்கு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகத்தான் கிடைத்தது. மாதம் தவறாமல் போய் வரிசையில் நின்று வாங்கினேன். போகாவிட்டால் கணக்கில் தெரிந்துவிடுமே! மிஞ்சிய அட்டைகளைப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் செருகினேன். இந்த மருந்து நம் கைக்கு இந்த விலையில் வந்த கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புடவைகளை எடுக்கவே கூசியது. இதைக் கண்டுபிடித்த நோவார்ட்டிஸ் கம்பெனி 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் விண்ணப்பம் போட்டது. 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. கேன்சர் நோயாளிகளுக்காகப் பாடுபடும் சங்கமொன்றும் அந்த விண்ணப்பத்தை எதிர்த்து நின்றது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. கம்பெனி மாத்திரை அப்போது மாதத்துக்கு 1,20,000 ரூபாய் அளவில் இருந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் செய்தது 10,000 ரூபாய்க்குள். நோயாளிகளும் வக்கீல்களும் அத்தனை வருடம் போராடியது ஏழைகளின் கைக்கு இந்த மாத்திரை வர வேண்டும் என்பதற்காக. என் கைக்கு வந்தது. நான் அதைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எனக்குப் பின்னால் அந்த வரிசையில் நின்றவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த பிசிஆரில் என் எண் ஏறியிருந்தது. 0.1க்குக் கீழே இருந்தது 1ஐத் தாண்டிவிட்டது.

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். “மாத்திரை எதுவும் விட்டுப்போச்சாம்மா?” என்றார். அந்த அறையில் எனக்குப் பின்னால் கதவோரம் நாலைந்து பேர் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தார்கள். “இல்ல சார். விடாம சாப்பிடுறேன்.” அவர் தலையாட்டினார். வேறு ஆஸ்பத்திரி மருந்து, வயிற்றுப்போக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

நோயாளி ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் ஏறினால் டாக்டர் என்ன நினைக்க முடியும்? மருந்துக்கு நோய் பழகிவிட்டது என்றுதான். புரதத்தில் மாத்திரை போய் ஒட்டும் இடம் உருமாறியிருக்கலாம். அப்படி மாறினால் சில வகைக்கு இமாட்டினிப் மட்டுமில்லாமல் அடுத்த தலைமுறை மாத்திரைகளும் கேட்காது. அதைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினார். அது பெரிய செலவு. நகையை அடகு வைத்துக் கட்டினார் என் வீட்டுக்காரர். “நீதான் ஒரு நாள் விடாம சாப்பிடுறியே, உனக்கு ஏன் இப்படி?” என்று அவர் கேட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. சோதனையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. டாக்டருக்கு அது இன்னும் குழப்பம். அளவை 600 ஆக்கினார். குமட்டல் அதிகமாகி நான் இன்னும் அதிகம் விட்டேன். எண் இறங்கவில்லை. நிலோட்டினிப்புக்கு மாற்றலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். அது ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது. சாப்பாட்டோடு சாப்பிட்டால் ரத்தத்தில் அளவு எகிறி இதயத் துடிப்பின் தாளத்தையே கெடுக்கும். சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரையையே ஒழுங்காகச் சாப்பிடாதவளிடம், இரண்டு வேளையும் நேரம் பார்த்துப் பட்டினி இருந்து எடுக்க வேண்டிய மருந்தை நம்பிக் கொடுக்கப்போனார். என் ஃபைலில் இமாட்டினிப் பலனளிக்கவில்லை என்று எழுதினார். பொய். அந்த மாத்திரைக்கு நான் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை.

உண்மை வெளியே வந்தது மருந்து கொடுக்கும் ஜன்னலில். புதிதாக வேலைக்கு வந்த ஃபார்மசிஸ்ட் பெண், என் மகளைவிடச் சின்னவள். மற்றவர்கள் கேட்டது போல் அவள் கேட்கவில்லை. “அம்மா, போன மாசம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்றாள். விட்டாயா என்ற கேள்வியே இல்லை. எல்லோருக்கும் விட்டுப்போகும், உனக்கு எத்தனை என்று மட்டும் கேட்டாள். யோசிக்காமல், “ஒரு ஏழெட்டு இருக்கும்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவள் முகம் மாறவில்லை. அட்டைகளை எண்ணிக்கொண்டே, “டாக்டருக்குத் தெரியுமாம்மா?” என்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “தெரியாது.” “நானும் கூட வரேன். இன்னிக்கே சொல்லிடலாம், வாங்க.”

கடைசி நோயாளி போகும் வரை காத்திருந்து உள்ளே போனோம். நான் நின்றுகொண்டே சொன்னேன். விரதம், கல்யாணம், பாதி மாத்திரை, புடவைக்கு அடியில் இருக்கும் அட்டைகள், எல்லாம். டாக்டர் கத்தவில்லை. கத்துவார் என்று பயந்துதான் இத்தனை நாள் மறைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, “நான் ராத்திரி உங்க ஃபைலை எடுத்துப் படிச்சிருக்கேம்மா. எங்க தப்பு பண்ணினேன்னு தேடிட்டு இருந்தேன்” என்றார். இவ்வளவுதான் சொன்னார். எனக்குத் திட்டு வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2010இல் வெளிவந்தது. வருடக்கணக்கில் இமாட்டினிப் சாப்பிட்டு வந்த 87 பேருக்கு, மூடியில் மின்னணுக் கருவி பொருத்திய மருந்துப் புட்டிகளைக் கொடுத்தார்கள்; மூடி திறந்த நேரமெல்லாம் அதில் பதிவாகும். மூன்று மாதம் பார்த்ததில், நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு மாத்திரைக்கு மேல் சாப்பிடவில்லை. தொண்ணூறுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு 0.1 என்ற அந்த எல்லைக்குள் ஆறு வருடத்தில் வரும் வாய்ப்பு 94.5 சதவீதம். மற்றவர்களுக்கு 28.4 சதவீதம். எண்பதோ அதற்கும் குறைவாகவோ சாப்பிட்டவர்களில் யாருக்குமே அது கிடைக்கவில்லை. தொண்ணூறு சதவீதம் என்றால் மாதத்தில் மூன்று மாத்திரை விடுவது. நான் மூன்றை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஒரு மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் 18 மணி நேரம்தான் ஆகும் என்றார். வெள்ளிக்கிழமை விட்டதற்கு வியாழக்கிழமை மாத்திரை காவல் இருக்காது.

அன்றைக்கு இன்னும் சிலதும் வெளியே வந்தது. தொண்டைக் கட்டுக்கு நானே மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்ட கிளாரித்ரோமைசின். அது இமாட்டினிப்பைக் கழியவிடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும். எரித்ரோமைசினும், பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகொனசோலும் அப்படித்தான். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் நேர்மாறாக அளவைக் குறைத்து மருந்தை வீணாக்கிவிடும். கால் வலிக்கு நாள் தவறாமல் போட்டுவந்த பாரசிட்டமாலைப் பற்றிச் சொன்னதும்தான் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டும் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது. உடனே ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்த்தார்கள், நல்லவேளை கெடவில்லை. அப்புறம் ஒரு லேகியம். ‘ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்’ என்று ஒரு தெரிந்தவர் கொடுத்தது. அதில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. டாக்டர் கேட்டபோதெல்லாம் வேறு மருந்து எதுவும் இல்லை என்றே சொல்லியிருந்தேன்.

மிஞ்சிய அட்டைகளை மறுநாள் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்தேன். வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். வெளியே போய் வந்த மருந்தைத் திரும்பக் கொடுக்க முடியாது, அழிக்கத்தான் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். எண்ணி, எழுதி, ஒரு மஞ்சள் பையில் போட்டாள். நான் நின்று பார்த்தேன்.

600ஐத் திரும்ப 400க்குக் கொண்டுவந்து, “மூணு மாசம் ஒண்ணுகூட விடாம பார்ப்போம். அதுக்கப்புறம் முடிவு பண்ணுவோம்” என்றார் டாக்டர். குமட்டலுக்கு, இமாட்டினிப்புக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவதற்கு ஒரு மாத்திரை எழுதினார். இவ்வளவு நாளாக அதுவும் இருந்தது. நான் குமட்டலைச் சொல்லியிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். கால் இழுப்புக்கும் வழி சொன்னார்கள். விரதத்தை விட்டுவிட்டேன். சாமி கோபித்துக்கொள்வார் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது உண்மை. இப்போது ராத்திரி எட்டு மணிச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேஜையிலேயே, அட்டையிலிருந்து எடுத்து, எல்லோர் கண் முன்னாலும் போடுகிறேன். போட்டதும் காலண்டரில் அன்றைய தேதியைச் சுழிக்கிறேன். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொன்று போடும் ஆபத்து அதனால் இல்லை. மறந்துபோனால், ஞாபகம் வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்ப்பது கிடையாது. வாந்தியெடுத்தால் நானே இன்னொன்று போடாமல் போன் செய்து கேட்கிறேன். காலையில் எடை பார்க்கிறேன். திடீரென்று ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். கிரேப்ஃப்ரூட் கூடாது. நாம் சாப்பிடும் திராட்சை வேறு, அது எலுமிச்சைச் சாதி. நம் ஊர்ப் பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால் அதையும் தொடுவதில்லை. எந்த மெடிக்கலில் எதற்குப் போனாலும் இமாட்டினிப் அட்டையைக் காட்டித்தான் மருந்து கேட்கிறேன்.

எண் இறங்கியது. மருந்து மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. ஆனாலும் முன்பு நின்ற இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்த நோயில் எண் மிக ஆழமாக இறங்கி, வருடக்கணக்கில் அங்கேயே நின்றால், டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில் சிலருக்கு மாத்திரையையே நிறுத்திப் பார்க்கிறார்கள். பிரான்ஸில் நடந்த ஆய்வில் அப்படி நிறுத்தியவர்களில் பத்தில் நாலு பேருக்கு நோய் திரும்பவில்லை. என் வயதுக்கு, என் முதல் வருட எண்ணுக்கு, அந்த வாசல் எனக்கும் ஒரு நாள் திறந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கான கணக்கை இனிமேல்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நானாக நிறுத்தியதால், முறைப்படி நிறுத்தும் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டேன். இதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

ஃபைலில் இமாட்டினிப் பலனளிக்கவில்லை என்று எழுதியிருந்த இடத்தில், நோயாளி மருந்தைச் சரியாக எடுக்கவில்லை என்று திருத்தி எழுதும்படி நானே கேட்டேன். வேறு டாக்டர் பார்த்தாலும் உண்மை தெரிய வேண்டும். அவர் எழுதிக் கையெழுத்திட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. “எனக்கு வரன் நின்னுடும்னு நீ சாகத் துணிஞ்சியாம்மா?” என்றாள். அதற்குப் பதில் இல்லை. மாப்பிள்ளையிடம் அவளே சொல்லிவிட்டாள். இது பரம்பரையாக வருவதில்லை என்பதை அவர் எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டு எனக்கே விளக்கினார். முதல் நாள் டாக்டர் சொன்ன அதே வாக்கியம்.

சம்பந்தி அம்மாவுக்கு இன்னும் தெரியாது. மகளுக்கு இது ஏழாம் மாதம். அடுத்த வாரம் வளைகாப்புக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், ராத்திரி தங்குகிறார்கள். எட்டு மணிக்கு அட்டையை மேஜையில்தான் எடுப்பேன். அது என்ன மாத்திரை என்று அவர்கள் கேட்டால் பெயரையும் சொல்வேன், எந்த நோய்க்கு என்பதையும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.